சடங்குக்காக நிறுத்திய குளிசை

உன்னிச்சைக் குளக்கட்டைத் தாண்டினால் பறைச் சத்தம் என்னை விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. வைகாசிக் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. சத்தமும் அந்தக் காற்றோடு சேர்ந்து என் முதுகைத் தள்ளியபடியே வந்தது. தோளில் ஓர் உரப்பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு துவாய், கிளினிக் கொப்பி, டொக்டர் தந்த இரண்டு விதக் குளிசை. இடுப்பில் கோயிலில் கட்டிவிட்ட மஞ்சள் வேட்டி. அதை மாற்றிக்கொள்ளக்கூட நான் நிற்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கிக் கும்பிட்டு, நான் கடந்து போகும் வரை தலை குனிந்து நின்றார். நானும் கையைத் தூக்கி ஆசீர்வதித்துவிட்டு நடந்தேன். பழக்கம்.

பின்னால் விட்டு வந்த ஊரின் கண்ணகை அம்மன் கோயிலில் அன்று சடங்கின் மூன்றாம் நாள். ஏழாம் நாள் திருக்குளிர்த்தி, அம்மனின் சூட்டைத் தணிக்கும் நாள். அதுவரை ஒவ்வொரு நாளும் பறையும் உடுக்கும் அடிக்க, அம்மன் என்மீது ஏறி ஆட வேண்டும். ஊர் முழுக்க அதற்காகக் காத்திருந்தது. நான் காலைப் பூசைக்கு முன்னரே கிளம்பிவிட்டேன்.

நான் தெய்வமானது தற்செயலாகத்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஹோட்டலில் கோப்பை கழுவினேன், செங்கல் சூளையில் மண் மிதித்தேன், லொறியில் கிளீனராக ஓடினேன். எந்த இடத்திலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. அந்த ஊருக்கு வந்தது போன வருட அறுவடைக்கு, வெட்டும் மெசினோடு நெல்மூடை தூக்க. அப்போதே உடம்பு சரியில்லை. இரண்டு பேரின் சோற்றைத் தின்றேன். தின்னத் தின்ன மெலிந்தேன். மற்றவர்களுக்குக் குளிரும் விடியற்காலையில் எனக்கு வியர்த்தது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் பாதி தரையில் கொட்டியது. கூட மூடை தூக்கியவன் ஒருநாள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“மச்சான், உன்ட ரெண்டு கண்ணும் என்னடா உன்ன விட்டிட்டு வேற இடத்தில வேலை தேடுது?”

நானும் சிரித்தேன். கண் வெளியே தள்ளியிருந்தது எனக்குத் தெரியும். கண்ணாடி வைத்திருக்காதவனுக்கும் வாய்க்கால் தண்ணீர் இருக்கிறதே.

அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் சடங்கு வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். பறை வேகமெடுத்தபோது என் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது. கை, தொடை, தாடை எல்லாம் உதறின. விழுந்தேன். “அம்மா வந்திட்டா!” என்று யாரோ ஒரு பெண் கத்தியது கேட்டது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வந்திருப்பது யார் என்று கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. அந்த மௌனத்தையும் பெரிய தெய்வத்தின் கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் தந்தார்கள். மூன்று நேரமும் சோறு வந்தது. கோயிலின் வரவு செலவும் காரியங்களும் பார்க்கும் வண்ணக்கர், தன் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து தானே விரித்துவிட்டார். கட்டுச் சொல்லக் கேட்டு, அதாவது தெய்வத்தின் வாக்கைக் கேட்டு, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாடு காணாமற்போனவர்கள், மகளுக்குச் சம்பந்தம் சரிவராதவர்கள். தோன்றியதைச் சொன்னேன். பாதி நானே நம்பினேன் என்பதுதான் உண்மை. அந்த மாதங்களில் நான் நிலத்தில் முழுதாகக் கால் பதித்து நடந்ததாக ஞாபகமில்லை. மத்தியான வெயிலில் வயல்வட்டை முழுவதும் ஒரு பச்சைத் தண்ணீராக மிதக்கும். அதன்மேல் கொக்குகள் நிற்பதா பறப்பதா என்று தெரியாது. நான் கொட்டில் வாசலில் இருந்தபடியே அவற்றோடு எழும்பி எங்கோ போய் வருவேன். நெஞ்சுக்குள் பறை ஓயாமல் அடித்துக்கொண்டேயிருக்கும்.

மாசி மாதத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அதே ஊரில் சட்டை தைத்துப் பிழைப்பவள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமற் போய்விட்டது என்றாள். ஆஸ்பத்திரியில் தைரோயிட் வருத்தம் என்று குளிசை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போடுவதா, அம்மனிடம் விடுவதா என்று கேட்க வந்திருந்தாள். நீட்டிய கை நடுங்கியது. அதைப் பார்த்து என் கையைத் துவாய்க்குள் மறைத்தேன்.

“புள்ள, சோறு தின்னத் தின்ன மெலியிறியா?” என்று கேட்டேன்.

“ஓம் சாமி.”

“படுத்தா நெஞ்சு காதுக்குள்ள அடிக்கிதா? குளிர் நேரத்திலயும் வேர்க்கிதா?”

அவள் அழத் தொடங்கினாள். “சாமி, டொக்டரும் இதத்தான் ஒண்டொண்டாக் கேட்டார். நான் சொல்லாம உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“குளிசைய விடாத. அம்மா சொல்லுறா எண்டு போடு” என்றேன். அவள் காலில் விழுந்துவிட்டுப் போனாள். அடுத்த கிழமை, வேறு வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டு, நானும் பட்டணத்துக்கு பஸ் ஏறினேன்.

டொக்டர் என் கழுத்தைத் தடவினார், நாடியை எண்ணினார், கையை நீட்டச் சொல்லி அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடத்தது. இப்படியே விட்டால் நெஞ்சு களைத்து நின்றுபோகும் என்றார். இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் இரண்டு குளிசை எழுதினார். “சுகமாயிட்டுது எண்டு நீங்களா நிப்பாட்டிப் போடாதீங்க” என்று கொப்பியைத் திருப்பித் தரும்போது ஒருமுறை, நான் கதவடிக்குப் போனபோது இன்னொரு முறை சொன்னார்.

வெளியே போட்டிருந்த மர வாங்கில் ஒரு பிள்ளை மடியில் கணினியோடு இருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். இந்த வருத்தக்காரரின் இரத்தத்தில் கொஞ்சம் கேட்டு, அதற்கு ஒரு சம்மதப் பத்திரம் வைத்திருந்தாள்.

“அண்ணன், வாசிச்சுப் பாத்திட்டுக் கையெழுத்து வைங்க. விருப்பமில்லாட்டி வேணாம்.”

“என்ட ரத்தத்தில என்னத்தத் தேடப் போறீங்க?”

அவள் அப்படி ஒரு கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. கணினியை என் பக்கம் திருப்பினாள்.

திரையில் ஓர் உரு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. மேலே, நெல் அறுக்கும் தாக்கத்தி போல வளைந்த ஒரு பெரிய கை. கீழே, துணியில் நூல் தைத்ததுபோல உள்ளே போயும் வெளியே வந்துமாக ஏழு கால். கடலை ஒட்டிய களப்பின் அடியில் பாசி அசைவதைப் படகிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.

“இதுக்குப் பேர் ஏற்பி” என்றாள். “உங்கட கழுத்தில இரிக்கிற சுரப்பியில கோடிக்கணக்கான கலம் இரிக்கி. ஒவ்வொரு கலத்திட தோலிலயும் இது போல கன ஏற்பி நிக்கும். மூளைக்குக் கீழ ஒரு சின்னச் சுரப்பி இரிக்கி. அது ஒரு ஓமோன அனுப்பும். அந்த ஓமோன் ரத்தத்தில வந்து இந்த வளைவில பிடிக்கும். கலத்துக்கு உள்ள போகாது.”

“உள்ள போகாம என்னெண்டு வேலை செய்யும்?”

“மேல பிடிச்ச உடன கீழ இந்த ஏழு காலும் கொஞ்சம் விலகும். அது விலகினா உள்ள இரிக்கிறவைக்கு விளங்கிரும், தைரோயிட் சுரக்கச் சொல்லி உத்தரவு வந்திட்டெண்டு.”

“அப்ப எனக்கு அந்தச் சின்னச் சுரப்பி கூடுதலா அனுப்புதா?”

“அதுதான் இல்ல அண்ணன். அது அனுப்புறத எப்பவோ நிப்பாட்டிட்டு. உங்கட ரத்தச் சோதனையில அது தெரியும். உங்கட உடம்பே ஒரு பிறபொருளெதிரி செஞ்சிரிக்கி. கிருமியப் பிடிக்கச் செய்யிற சாமான். அது பிழையா இந்த வளைவப் பிடிச்சு அமத்திக்கொண்டிரிக்கி. ஆரும் உத்தரவு போடல்ல. ஆனா உள்ள எல்லாரும் ஓய்வில்லாம வேலை செய்யிறாங்க.”

பத்து மாதமாக என்னிடம் வந்து, ‘வந்திருப்பது யார்?’ என்று கேட்டவர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். யாரும் அனுப்பவில்லை, ஆனால் உத்தரவு வந்துகொண்டிருந்தது.

டொக்டர் தந்த குளிசைகளைக் காட்டினேன். ஒன்று சுரப்பை மெல்ல மெல்லக் குறைக்கும் என்றாள்; பலன் தெரியக் கிழமைக் கணக்காகும். மற்றதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இது வேற ஏற்பிக்கு. நெஞ்சில அதிரினலீன் எண்ட ஓமோன் பிடிக்கிற ஏற்பி இரிக்கி, அதுக்கும் ஏழு கால்தான். அந்த ஓமோனப் போலவே சாயலா ஒரு மூலக்கூறக் கட்டிப் பாத்திரிக்காங்க. இடத்தப் பிடிக்கும், ஆனா காலை அசைக்காது. அதுதான் இது. நடுக்கத்த ஒண்டு ரெண்டு நாளிலயே குறைக்கும்.”

“அப்ப உங்கட ஆராய்ச்சி?”

“இந்த ஏழு காலுக்கும் நடுவில ஒரு சின்னக் குழி இரிக்கி, பாத்தீங்களா? அதில போய் இரிந்து கால அசைய விடாத ஒரு மூலக்கூறத் தேடுறன். கணினியில ஆயிரக்கணக்கில போட்டுப் பாக்கிறன். சிலது அளவாப் பொருந்தும், தண்ணியில கரையாது. சிலது கரையும், இதே சாயலில வேற ஏற்பிகளும் இரிக்கி, சகோதரங்கள் மாதிரி, அதையும் போய்ப் பிடிக்கும். அது கூடாது. இன்னும் மருந்தாகல்ல. எப்ப ஆகுமெண்டும் தெரியா.”

கையெழுத்து வைத்தேன். பிறகு எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்ததைக் கேட்டேன். “தங்கச்சி, நான் ஒரு இடத்திலயும் நிலையா இரிக்கிறதில்ல. அதுவும் இதாலயா?”

“எப்ப இரிந்து அப்பிடி?”

“பதினாலு வயசில இரிந்து.”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வருத்தம் ரெண்டு மூணு வரிசமாத்தான் இரிக்கும் அண்ணன். மிச்சமெல்லாம் உங்கட சொந்தம்.”

குளிசை போடத் தொடங்கினேன். இரண்டு நாளில் கோப்பைக்குள் தேநீர் நின்றது. இரண்டு மாதத்தில் முகத்தில் சதை விழுந்தது. கொக்குகள் கொக்குகளாகவே வயலில் நின்றன. கட்டுக் கேட்டு வருபவர்களிடம் சொல்ல வார்த்தை வரவில்லை. ஒரு பின்னேரம் சும்மா இருந்தேன். நெஞ்சு இருப்பதே தெரியவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. யாரோ என்னை விட்டுப் போனதுபோல.

சடங்குக்குக் கோயில் கதவு திறக்க இரண்டு நாள் இருக்கையில் வண்ணக்கர் கொட்டிலுக்கு வந்தார். என் குளிசையைப் பற்றி அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்து வெற்றிலை மடித்தார்.

“மனே, அம்மன் சூடான தெய்வம். நீ உடம்பக் குளிராக்குற மருந்தப் போட்டா அவ எங்கால வந்து ஏறுவா?”

“டொக்டர் விட வேணாம் எண்டவர், ஐயா.”

“ஆர் உன்ன விடச் சொன்ன? இப்ப இரிந்து திருக்குளிர்த்தி வரைக்கும் நிப்பாட்டு. அண்டைக்கு அம்மனும் குளிர்ந்திருவா, நீயும் உன்ட குளிசையப் போட்டுக் குளிரு. ஊருக்காகச் சொல்லுறன். நீ ஆடாட்டி இந்தச் சனம் மழை இல்லாததுக்கும் உன்னத்தான் சொல்லும், என்னையும் சேத்து.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பாய் விரித்துத் தந்தவர். நானும் மறுப்பதுபோல மறுத்தேனே தவிர, உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். அந்தச் சூட்டுக்கு நானும் ஏங்கியிருந்தேன். அன்றே நிறுத்தினேன்.

கதவு திறந்த நாளில் பறை அடித்தபோது எல்லாம் திரும்பி வந்தது. சுரப்பைக் குறைக்கும் குளிசையின் பலன் உடம்பில் இன்னும் இருந்திருக்கும். நெஞ்சைக் காத்தது மற்றது. அதை நிறுத்தியதும் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக எழும்பியது. ஆடினேன். இரண்டாம் நாளும் ஆடினேன். விளக்குகள் நீளமாக இழுபட்டன. வேப்பிலை வாசனை தண்ணீர்போல என்னைத் தூக்கியது. திரையில் சுழன்ற அந்த உரு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வயல் முழுக்கக் கதிருக்குப் பதிலாக வளைந்த தாக்கத்திகள் நின்று ஒரே திசையில் சாய்ந்தன. அவற்றின் ஏழேழு கால்களும் சேற்றுக்குள் விலகி விலகி மூடின. நான் மிகவும் அழகான ஓரிடத்தில் இருந்தேன். இடது நெஞ்சில் மட்டும் யாரோ முழங்கையால் ஊன்றியதுபோல ஒரு வலி.

மூன்றாம் நாள் விடிந்தபோது முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். தையல்காரப் பெண் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கவில்லை, தொங்கினாள் என்று சொல்ல வேண்டும். உதடு வெளுத்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

“என்ன புள்ள இது?”

“ஒண்டுமில்ல சாமி. நெஞ்சு கொஞ்சம் பாயுது. ஏழு நாளும் கடந்தாச் சரியாயிரும்.”

“குளிசை?”

“நீங்க அம்மாக்காக நிப்பாட்டிட்டீங்க எண்டு வண்ணக்கர் ஐயா வீட்டில சொன்னாங்க. சாமியே நிப்பாட்டியிரிக்கிற நேரம் நான் போடலாமா? நானும் அண்டே நிப்பாட்டிட்டன்.”

தெய்வம் ஆடுபவன் செய்வது ஊருக்கு விரதம். அதை நான் யோசிக்கவேயில்லை. என் நெஞ்சு, என் சூடு, என் கொட்டில் என்றே யோசித்திருந்தேன்.

அவளைக் கிணற்றுக் கட்டில் இருத்திவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினேன். குளிசையை எடுத்து வந்தேன். வாளித் தண்ணீரில் அவளுக்கு முன்னாலேயே விழுங்கினேன். அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“பாத்தியா? நான் போட்டிட்டன். உன்டது எங்க?”

“வீட்டில சாமி… ஆனா சடங்கு…”

“சாமி எண்டு சொல்லாத. எனக்கும் உனக்கு இரிக்கிற அதே வருத்தம்தான். அண்டைக்கு உனக்கிட்டக் கேட்டதெல்லாம் அம்மா சொல்லித் தந்ததில்ல. என்ட உடம்பில இரிந்து கேட்ட.”

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. “கள்ளன்” என்றாள், மெதுவாக. பிறகு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “நான் உங்கட கால்ல வேற விழுந்திட்டன்.”

அவள் தமையன் ஓட்டோ வைத்திருந்தான். அவனை எழுப்பி, குளிசையைப் போடவைத்து, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஏறும்போது அவள் தயங்கினாள். ஊர் கேட்டால் என்ன சொல்வது?

“சாமி கட்டுச் சொன்ன எண்டு சொல்லு. சடங்கிலயும் குளிசை போடலாம். இதுதான் கடைசிக் கட்டு.”

ஓட்டோ போன பிறகு பையை எடுத்தேன். அங்கே இருந்தால் பறை அடிக்கும். நான் ஆடாமல் நின்றால் வண்ணக்கர் மறுபடி வெற்றிலை மடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். நான் மறுபடி ஓம் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லாமல் வந்தது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது.

குளக்கட்டுக்குப் பிறகு மூன்று மைல் நடந்திருப்பேன். மணல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. களப்புக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையில் சாலைகள் நீளமானவை. இரண்டு பக்கமும் வட்டைகள் வந்துகொண்டேயிருக்கும். மணலின்மேல் மல்லாந்து கிடந்தேன். விழுங்கிய குளிசை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. யாரோ என் நெஞ்சுக்குள் ஒவ்வோர் ஏற்பியாகத் தேடிப்போய் இடம் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். வானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மேலே படுத்தது. மத்தியானத்துக்குள் நடுக்கம் பாதியாகிவிட்டது. இந்த முறை அமைதி பயமாக இல்லை. வெறுமனே அமைதியாக இருந்தது.

மண்டூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குமேல் களப்பு. கரையோரம் ஒரு கடையில் ரொட்டி தின்றேன். சாரத்தை மாற்றிக்கொண்டு கடையின் பின்தாழ்வாரத்தில் படுத்தேன். சாமான்களை ஒரு பக்கம் தள்ளி இடம் விட்ட கடைக்காரர், வேலை வேண்டுமென்றால் காலையில் நண்டு வாடிக்குப் போய்க் கேட்கச் சொன்னார்.

வாடி என்றால் களப்பு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. இரவு கூடு வைத்துப் பிடித்த நண்டைத் தோணிக்காரர் விடியலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். உயிரோடு கொழும்புக்குப் போகிற நண்டு. ஒன்றையொன்று கடித்துக் கால் முறிந்தால் எடுக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொன்றின் கொடுக்கையும் நூலால் கட்ட வேண்டும். வாடியை நடத்துபவள் ஐம்பது வயதுக்காரி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கைய நீட்டு பாப்பம்.”

நீட்டினேன். விரல் நுனிகளில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருந்தது.

“குடிகாரனா?”

“இல்லக்கா. தைரோயிட் வருத்தம். குளிசை போடுறன்.” முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நண்டுக்கு வருத்தம் கிருத்தம் தெரியா. விரல எடுத்திரும்.” ஒரு சின்ன நண்டைக் காலால் என் பக்கம் தள்ளினாள். “கட்டு.”

முதுகை மெல்ல மிதித்துப் பிடித்தேன். நூலை இரண்டு கொடுக்குக்கும் முன்னால் கொடுத்து, மடித்து அமர்த்தி, பின்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். முதல் நூல் நழுவியது. இரண்டாம் முறை நண்டு என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. வாடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். “மாமாவுக்கு மோதிரம் போடுது” என்றான் ஒருவன். மூன்றாம் முறை கட்டினேன். அவள் நண்டைத் தூக்கி, கட்டை விரலால் நெம்பிப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை.

“ஆமை வேகம். ஆனா இறுக்கம். நாளைக்கும் வருவியா, இல்லாட்டி உன்னப் போல ஆக்கள் மாதிரி ரெண்டு நாளில காணாமப் போயிருவியா?”

“வருவன் அக்கா. அடுத்த மாசம் ஒருநாள் மட்டும் லீவு வேணும். கிளினிக் இரிக்கி.”

“பாருங்க, வந்து ஒரு மணித்தியாலமாகல்ல, லீவு கேக்கான்!” என்று மற்றவர்களிடம் சொன்னாள். பிறகு பெரிய நண்டுகள் இருந்த கூடையை இழுத்து என் காலடியில் வைத்தாள்.